பட்டைக்குப் பிடித்த நடை

என்னை அந்த வேலைக்கு எடுத்ததற்குக் காரணம், எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான். கோபத்தில் சொல்லவில்லை. நியமனக் கடிதத்திலேயே அப்படித்தான் இருந்தது. "ஆய்வின் பொருள் குறித்து எவ்வித முன்னறிவும் இல்லாதவர்" என்று அச்சடித்திருந்தார்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதற்கப்புறம் நாற்பது வருஷம் ஒரு சரக்குக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, ஆட்கள் முதுகில் போகிற மூட்டைகளை எண்ணினேன். மழையிலும் தூசியிலும் கைகலப்புக்கு நடுவிலும் ஒரு மூட்டை பிசகியது கிடையாது. இதை நேர்முகத்தில் சொன்னேன். எதிரே இருந்த அம்மாள் அதை எழுதிக்கொள்ளவில்லை. "படிப்பு நாலாவதுதானே? உறுதியா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். உறுதி என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

அவளுக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். இரண்டு பொருளை அவள் ஒன்று சேர்த்து நான் பார்த்ததில்லை.

இடத்துக்குப் பெயர் வளரிளம் பெண்கள் அசைவு அளவீட்டு நிலையம். மூன்று மாடி, கண்ணாடிச் சுவர், உள்ளே செருப்புப் போடக் கூடாது. அங்கே ஒரு கைப்பட்டை வந்து இறங்கியிருந்தது. கறுப்பு ரப்பர், நடுவில் கடுகு மாதிரி ஒரு பச்சை விளக்கு. இதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், கட்டியவர் ஒரு நாளைக்கு எத்தனை அடி நடந்தார், எவ்வளவு நேரம் ஓடினார், எவ்வளவு நேரம் சும்மா கிடந்தார் என்று அது சொல்லிவிடுமாம். பதின்மூன்று வயதிலிருந்து பதினேழு வயதுக்குள் இருக்கிற பெண் பிள்ளைகள் கையில் கட்டினால் அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் ஆய்வு. இருபது பெண்கள். இருபது பட்டைகள். பின்னாலேயே போய்க் கண்ணால் பார்த்து அடியை எண்ணுவதற்கு எங்களைப் போல இருபது பேர்.

முதல் நாள் இயக்குநரே வந்து பேசினார்.

"ஒரு தராசைச் சோதிக்கணும்னா கையில ஒரு எடைக்கல் வேணும். அந்த எடைக்கல் நீங்கதான். பட்டை சொல்றது சரியா, தப்பான்னு உங்களை வெச்சுத்தான் முடிவு பண்ணுவோம். இந்த நிமிஷத்திலேருந்து நீங்க மனுஷங்க இல்ல. நீங்க உண்மை."

எல்லோரும் கைதட்டினோம். கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். என் அட்டையில் "உண்மை 17" என்று இருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவர் உண்மை 11. "முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சேன், ஒருத்தன் என்னை உண்மைன்னு சொன்னதில்லை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கையில் ஆளுக்கு ஓர் எண்ணும் கருவி கொடுத்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும். கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினால் 'டிக்' என்று ஒரு எண் கூடும். அதற்கு நான் டிக்கான் என்று பெயர் வைத்தேன். விதிகள் நான்கு. பெண்ணுக்கு மூன்று அடி பின்னால் வர வேண்டும். அவளிடமோ வீட்டாரிடமோ பேசக் கூடாது. அவளுக்கு உதவக் கூடாது. கால் தரையில் படும்போதெல்லாம் ஓர் அமுக்கு, வேறெதற்கும் அமுக்கக் கூடாது.

எனக்கு வாய்த்தவள் பங்கேற்பாளர் பதினேழு. ஒரு ரொட்டிக் கடைக்காரியின் மகள். வயது பதினைந்து. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பன்னு. நானும் அப்படியே சொல்கிறேன், பதினேழு என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் கடைக்கு அடுப்பு கீழே, நிலவறையில். கடை மேலே, தெருவில். நடுவில் இருபத்திரண்டு படி. காலை ஐந்தரைக்குப் போய் நின்றேன். அடுப்பிலிருந்து ரொட்டியை இழுக்கிற நீள மரத் துடுப்போடு அம்மாக்காரி வந்தாள்.

"யாருய்யா நீ?"

பேசக் கூடாது. அட்டையைக் காட்டினேன்.

"உண்மையா? உண்மையா இருந்தா என்ன, பொய்யா இருந்தா என்ன. வயசுப் பொண்ணு பின்னாடி விடியக்காலையில எவன் வந்து நின்னாலும் எனக்கு ஒண்ணுதான்" என்று துடுப்பை ஓங்கினாள்.

"விடும்மா. நிலையத்து ஆளு. என்னை எண்ண வந்திருக்காரு" என்றாள் மகள்.

"நீ ஒருத்திதானேடி. இதை எண்ண ஒரு ஆளா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள் அம்மா. நான் வாயைத் திறக்காமல் நின்றதைப் பார்த்து, "பாவம், ஊமை போலிருக்கு" என்று துடுப்பைக் கீழே போட்டுவிட்டு ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள்.

பன்னு வேலை செய்வதை நான் சொல்லியாக வேண்டும். கதவு அகலத்துக்கு ஒரு தகரத் தட்டு. அதில் நாற்பது பன், அடுப்புச் சூட்டோடு. இரண்டு கையையும் அடியில் கொடுத்து, நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு படியேறுவாள். ஏறுவாள் என்பது சரியில்லை, பறப்பாள். மேலே வைத்துவிட்டு வெறுந்தட்டோடு இறங்குவாள். அடுத்த தட்டு. கடை நிறைந்ததும் தெருவில் இருக்கிற மூன்று தேநீர்க் கடைகளுக்குத் தட்டோடு ஓட்டம். இவ்வளவுக்கும் கை அசையாது. அசைந்தால் பன் உருளும், உருண்டால் அம்மாவின் துடுப்பு வரும். ஏழு வயதிலிருந்து பழகியது. இடுப்புக்குக் கீழே அவள் காற்று. இடுப்புக்கு மேலே சிலை.

எட்டு மணிக்கு அவள் கடைசித் தட்டை இறக்கி வைத்தபோது என் டிக்கானில் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. சாயங்காலம் நிலையத்தில் பட்டையைக் கழற்றிக் கணினியில் சொருகினார்கள். அதே இரண்டரை மணி நேரத்துக்குப் பட்டை சொன்னது இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த இருநூறும் அவள் முகம் கழுவித் தலை வாரியது. மற்ற நேரம் முழுவதும் "ஓய்வு" என்று நீலக் கோடு படுத்துக் கிடந்தது.

"பார்த்தீங்களா அம்மா? பட்டை சரியில்லை" என்றேன் ஒருங்கிணைப்பாளரிடம்.

அவள் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்ககிட்ட பிழை இருக்கு" என்றாள்.

"பட்டையை என்னை வெச்சுச் சோதிக்கறதாத்தானே சொன்னாங்க?"

"ஆமா. சோதிச்சாச்சு. நீங்க தேறல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரியாதது ஒரு ரப்பர் துண்டு. கோணல் என்று என்னைப் பிடித்து நிமிர்த்தினார்கள். மூன்று நாள் எனக்குச் சீரமைப்பு. கண் டாக்டர் எழுத்துகளைக் காட்டினார். காது டாக்டர் மணி அடித்தார். ஒருவர் வந்து என் கட்டைவிரலை மட்டும் அரை மணி நேரம் பரிசோதித்துவிட்டு, வயதுக்கு மீறிய வேகம் என்று எழுதினார். கடைசியில் என் கையிலேயே ஒரு பட்டையைக் கட்டி, ஓடுகிற ரப்பர் பாதையில் ஏற்றி, என் அடியை என்னையே எண்ணச் சொன்னார்கள். கையை வீசி நடந்தேன். இரண்டும் ஒத்துப்போயின. "பார்த்தீங்களா, முயற்சி பண்ணினா உங்களாலயும் முடியுது" என்று ஒருங்கிணைப்பாளர் என்னைத் தட்டிக்கொடுத்தாள்.

இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தேநீர் வரவழைத்தார்.

"பெரியவரே, நீங்க உண்மைதான், நான் மறுக்கல. ஆனா உண்மை ரெண்டு மாச ஒப்பந்தத்துல இருக்கு. பட்டை அப்படியில்ல, அதை நாங்க வாங்கிட்டோம். அஞ்சு மாவட்டத்துல எல்லாப் பொண்ணு கையிலயும் கட்டறதா கையெழுத்தாயிடுச்சு. அது சரியா எண்ணுதுன்னு நிரூபிக்கத்தான் இந்த ஆய்வு. எண்ணுதான்னு பார்க்க இல்ல. இந்த வித்தியாசம் புரிஞ்சா உங்களுக்கு மனசு அமைதியாயிடும்."

எனக்குப் புரிந்தது. அமைதிதான் வரவில்லை.

கண்டக்டருக்கு இரண்டும் வந்துவிட்டன. அவர் எண்ண வேண்டிய பெண்ணுக்கு வானொலி என்று பெயர். மதில் மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் வீசி வீசித் தோழிகளுக்குக் கதை சொல்வாள். அக்கா கல்யாணக் கதை ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் பட்டைக் கணக்கில் ஆறு கிலோமீட்டர் போய்விட்டாள். கண்டக்டர் எண்ணியது இரண்டு அடி, அதுவும் வெயில் வந்ததென்று அவள் தள்ளி உட்கார்ந்தது. அவருக்கும் சீரமைப்பு நடந்தது. நான்காம் நாளிலிருந்து அவர் அவள் கைகளை எண்ண ஆரம்பித்தார். "உண்மை 11 திருத்தப்பட்டது" என்று அறிவிப்புப் பலகையில் பூ வரைந்து எழுதிப் போட்டார்கள். வானொலிக்குச் 'சுறுசுறுப்புச் செல்வி' என்று ஒரு தங்க நிறப் பொத்தான்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது ஒரு வேடிக்கை என்று விட்டிருப்பேன். ஆனால் பட்டைக் கணக்கு தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போனது. பட்டை சொல்கிற அடி ஐயாயிரத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பெண் சிவப்புப் பட்டியலில். சிவப்புப் பட்டியல் என்றால் மணி அடித்த பிறகு மைதானத்தில் பத்துச் சுற்று ஓடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். ஓடும்போது பட்டையைக் கழற்றிவிட வேண்டும், அது தண்டனை அசைவாம், கணக்கில் சேராதாம். பள்ளிக்கூடம் வரும் முன்னால் இருபத்திரண்டு படியை நாற்பது தடவை ஏறி இறங்கியவள் பெயர் பட்டியலில் முதலாவதாக இருந்தது.

பன்னு என்னிடம் பேசுவாள். நான் பதில் சொல்லக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

"தாத்தா, ஆமான்னா ஒரு டிக், இல்லைன்னா ரெண்டு டிக். சரியா?"

மனதுக்குள் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு டிக் அமுக்கினேன்.

"எங்கம்மா உங்களை ஊமைன்னு நம்பிட்டிருக்கு. சொல்லிடவா?"

இரண்டு டிக்.

"வேணாமா? சரி. ரகசியம் காக்கிறதுக்குக் கூலியா நாளைக்கு ஒரு பன் தர்றேன். கருகினதுதான்." படியில் ஏறிக்கொண்டே பேசினாள், தட்டு அசையவில்லை. "தாத்தா, பத்துச் சுத்து ஓடிட்டு வந்து ராத்திரிக்கு மாவு பிசையறேன். காலைல கால் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது. எனக்குப் பொத்தானெல்லாம் வேணாம். அந்தச் சிவப்புப் பட்டியல்லேருந்து பேரை எடுத்தாப் போதும். உங்க நம்பரைக் காட்டினா எடுப்பாங்களா?"

மேல்படி வரை அடியை எண்ணினேன். பிறகு இரண்டு டிக்.

"அதானே பார்த்தேன்" என்று சிரித்துவிட்டு அடுத்த தட்டுக்கு இறங்கினாள்.

காட்டாமல் இருக்கவில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய் விளையாட்டு டீச்சரிடம் டிக்கானை நீட்டினேன். டீச்சர் கழுத்தில் விசில், கையில் பட்டியல்.

"பெரியவரே, அவ நடந்திருக்கலாம். நான் இல்லைங்கல. ஆனா பதிவாகல. பதிவாகாத நடைக்கு நான் பொறுப்பேத்துக்க முடியுமா?"

"புள்ளை காலைப் பாருங்க டீச்சர். பதிவாகியிருக்கு."

"கால்ல பட்டை கட்டச் சொல்லி உத்தரவு வரலையே" என்று விசிலை ஊதினாள்.

நான் போய்ச் சொன்னதில் ஒரே பயன், சிவப்புப் பட்டியல் பெண்களுக்கு ஒரு புது வகுப்பு ஆரம்பித்தார்கள். கைவீச்சு வகுப்பு. பத்துப் பெண்கள் வரிசையாக நின்று, காலை அசைக்காமல் கையை மட்டும் முன்னும் பின்னும் வீச வேண்டும். "நின்றபடியே நடத்தல்" என்று அதற்குப் பாடக் குறிப்பு. ஒருங்கிணைப்பாளர் மேற்பார்வை. ஒரு பெண் தன்னை மறந்து ஓர் அடி எடுத்து வைத்ததற்கு, "காலைக் கொண்டு வராதே, கவனம் சிதறுது" என்று திட்டு வாங்கினாள்.

வகுப்பில் சொல்லிக் கொடுத்ததைப் பன்னு படியில் செய்து பார்த்தாள். தட்டை ஒரு கையில் சாய்த்துக்கொண்டு மற்றக் கையை வீசினாள். நாற்பது பன்னும் இருபத்திரண்டு படியிலும் உருண்டன. பட்டை ஏழு அடி கூட்டியது. அம்மாக்காரி பன்களைப் பொறுக்கிக்கொண்டே, "அந்த நிலையத்துக்காரி மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்று பல்லைக் கடித்தாள்.

கிடைத்தாள். அடுத்த வாரம் இயக்குநரும் ஒருங்கிணைப்பாளரும் களப் பார்வை என்று கடைக்கே வந்தார்கள். இயக்குநர் நிலவறையில் குனிந்து இறங்கி, கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பன்னு இரண்டு நடை போய் வருவதைப் பார்த்தார். பாராட்டினார். பிறகு சொன்னார்:

"பிரச்சினை தட்டுலதான் இருக்கும்மா. ரெண்டு கையும் மாட்டிக்குது. ஒவ்வொரு பன்னா எடுத்துட்டுப் போனா என்ன? கை தாராளமா வீசும். ஒரு தட்டுக்கு நாற்பது தடவை ஏறி இறங்கலாம். உங்க பொண்ணு ஒரே வாரத்துல பச்சைப் பட்டியலுக்கு வந்துடுவா."

அம்மாக்காரி அவரையே பார்த்தாள். துடுப்பு சுவரில் சாய்ந்திருந்தது. அவள் கை அந்தப் பக்கம் போகவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஐயா, உங்க வீட்ல சோறு எப்படிச் சாப்பிடுவீங்க? ஒவ்வொரு பருக்கையாவா?"

இயக்குநர் சிரித்தார். "நல்ல கேள்வி. ஆனா அது சத்துணவுத் துறை. நாங்க அசைவு மட்டும்தான்."

நாற்பதாம் நாள். காலை ஆறு பத்து. நான் மூன்று படி கீழே. தட்டோடு அவள் மேலே. பத்தொன்பதாவது படியில் அவள் இடது முழங்கால் நடுங்கியது. அது அன்றைக்குப் புதிதில்லை. நான்கு நாளாக நடுங்கியது, நான்கு நாளாக நான் பார்த்தேன். டிக்கானில் அடிக்குப் பொத்தான் இருந்தது, நடுக்கத்துக்குப் பொத்தான் இல்லை. அதனால் அடியை மட்டும் எண்ணிக்கொண்டு பின்னாலேயே போனேன். என் முதல் கோபம் என் மேல்தான். மற்றவர்கள் அதற்கப்புறம்.

முழங்கால் மடங்கியது. அப்போதும் தட்டை விடாமல் பிடித்திருந்தாள். அதுதான் கெடுத்தது. தட்டை விட்டுச் சுவரைப் பிடித்திருந்தால் தப்பித்திருப்பாள். தட்டோடு பின்பக்கமாக வந்தாள். டிக்கானை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் தாங்கினேன். தலை என் நெஞ்சில் விழுந்தது. கால் அடியில் மடங்கி, காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. தட்டு தடதடவென்று கீழே போக, அவள் இரண்டு கையும் காற்றில் எதையோ தேடி அடித்துக்கொண்டன.

"அம்மா, ஓடி வாம்மா" என்று கத்தினேன்.

துடுப்போடு ஓடி வந்தவள் மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பேசுவியா நீ?" என்றாள். "பேசத் தெரிஞ்சா இத்தனை நாளா எங்கய்யா போயிருந்தே?"

பன்னுவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரி நடையில் நின்றிருந்தபோது ஒருங்கிணைப்பாளரிடமிருந்து போன். பட்டை அவள் கையில்தான் இருந்தது, தீவிர அசைவு வந்தால் மட்டும் அது காற்றிலேயே கணக்கு அனுப்பிவிடுமாம்.

"வாழ்த்துகள். ஆறு பத்துக்கு எழுபத்து மூணு அடி, 'தீவிர ஓட்டம்'னு பதிவாயிருக்கு. இத்தனை நாள்ல முதல் தடவை. என்ன பண்ணினீங்க?"

"படியிலேருந்து விழுந்துட்டாம்மா. கால் ஒடிஞ்சு போச்சு."

"ஐயோ பாவம்" என்றாள். உண்மையாகவே சொன்ன மாதிரிதான் இருந்தது. பிறகு, "சரி, அந்த நேரத்துல நீங்க எத்தனை எண்ணினீங்க?" என்றாள்.

மறுநாள் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. ஆறு பத்திலிருந்து ஆறு இருபத்தைந்து வரை உண்மை பணியில் இல்லை, காரணம் கூறுக. "தூக்கிக்கொண்டு ஓடினேன்" என்று எழுதிக் கொடுத்தேன். விதி மூன்று மீறல் என்று கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் இரண்டு ஊன்றுகோல். இனி அவளை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி குறைந்தால் இருபது பத்தொன்பதாகிவிடுமாம், பத்தொன்பதுக்குச் சூத்திரம் இல்லையாம். பட்டையோடு பள்ளிக்கூடம் போனாள். தட்டு சுமக்கிற வேலை அம்மாக்காரிக்கு வந்தது. அவளுக்கு வயது நாற்பத்தொன்று. பதின்ம வயது தாண்டியவர்கள் நடப்பது எங்கேயும் பதிவாவதில்லை.

ஊன்றுகோலோடு நான் எண்ணிய முதல் நாள், கடையிலிருந்து பள்ளிக்கு ஆயிரத்து நூற்று எட்டு. பட்டையைச் சொருகினார்கள். ஆயிரத்து நூற்று எட்டு.

அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கோலை ஊன்றும்போதெல்லாம் மணிக்கட்டில் 'தொம்' என்று ஓர் அதிர்ச்சி. அந்தப் பட்டை பிறந்ததே அந்த அதிர்ச்சிக்காகத்தான் போலிருக்கிறது. ஒன்றைக்கூட விடவில்லை. அன்றைக்கு வகுப்புக்கும் கழிப்பறைக்கும் வீட்டுக்கும் நொண்டியதில் ஐயாயிரத்து முப்பது. பன்னு பெயர் பச்சைப் பட்டியலுக்குப் போனது.

அறுபதாம் நாள் நிறைவு விழா. அதற்கு முந்தின நாள் என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள். "என் எண்ணிக்கையும் பட்டையின் எண்ணிக்கையும் ஒத்துள்ளன என உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, உண்மை 17."

"எந்த நாளைக்கு?" என்றேன்.

"கடைசி இருபது நாளுக்கு."

"முதல் நாற்பது?"

"அது பழகுங்காலம்" என்றாள் ஒருங்கிணைப்பாளர். "பங்கேற்பாளர் பட்டைக்குப் பழக எடுத்துக்கிட்ட காலம். கணக்குல சேராது."

"பழகறதுக்குக் காலை ஒடிச்சுக்கணுமா?"

"உங்களுக்கு வயசாயிடுச்சு, உணர்ச்சிவசப்படறீங்க. கையெழுத்துப் போடுங்க."

போட மாட்டேன் என்றேன். பயமுறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டு, பேனாவை எடுத்து, என் பெயருக்கு நேரே தானே கையெழுத்துப் போட்டாள். கீழே அடைப்புக்குறிக்குள் எழுதினாள்: உண்மை (பொறுப்பு). விடுப்பில் போனவர் நாற்காலியில் அடுத்தவர் உட்காருகிற மாதிரி, அவ்வளவு சுலபமாக இருந்தது. என் கழுத்திலிருந்த அட்டையை வாங்கிக்கொண்டார்கள். டிக்கானைத் தேடினார்கள், அது அந்தப் படிக்கட்டின் கீழே உடைந்து கிடந்ததையும், பிறகு எண்ணியதெல்லாம் கண்டக்டரிடம் கடன் வாங்கிய கருவியில் என்பதையும் சொன்னேன். அதற்கு ஒரு குறிப்பாணை.

விழாவுக்கு நான் போனது பன்னுவுக்காக. மேடைக்கு ஐந்து படி, சாய்வுப் பாதை கிடையாது. பங்கேற்பாளர் பதினேழு, 'மிகச் சிறந்த முன்னேற்றம்' என்று கூப்பிட்டார்கள். தொம், தொம் என்று ஏறினாள். யாரும் கை கொடுக்கவில்லை, கொடுத்தால் எண்ணிக்கை கெடும். இயக்குநர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தி ஒலிபெருக்கியில் பேசினார்.

"இந்தக் குழந்தை ஒரு காலத்துல நாள் முழுக்க அசையாம இருந்தவ. இன்னிக்குப் பச்சைப் பட்டியல். இதுக்குக் காரணம் நாங்கன்னு சொல்ல மாட்டேன். சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். பட்டையோட துல்லியம் நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது. ஊன்றுகோல் இருந்தா இந்தத் துல்லியம் கிடைக்குதுன்னு கண்டுபிடிச்சது எங்க நிலையம்தான். அதனால ரெண்டாம் கட்டத்துல, சிவப்புப் பட்டியல் மாணவிகள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி ஊன்றுகோல், இலவசமா."

கூட்டத்தில் பெற்றோர்கள் கைதட்டினார்கள். இலவசம் என்ற சொல்லுக்குப் பழகிய கை. கண்டக்டர் எழுந்து நின்று தட்டினார். அம்மாக்காரியும் நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். துடுப்பை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

இறங்கி வந்த பன்னு என் பக்கத்து நாற்காலியில் கோலைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"தாத்தா, கால் சரியாயிட்டா நான் மறுபடி சோம்பேறி ஆயிடுவேனா?"

கழுத்தில் அட்டை இல்லை, கையில் டிக்கான் இல்லை. பேசியிருக்கலாம். வெறும் உள்ளங்கையில் கட்டைவிரலால் இரண்டு தடவை அமுக்கினேன்.

இதெல்லாம் நடந்து நாலு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் இப்போது சிவப்புப் பட்டியலே கிடையாது. நல்ல காலுள்ள பெண்கள் வரிசையாக நொண்டிக்கொண்டு போகிறார்கள். கக்கத்தில் தடித்துப்போன தழும்பு, அதற்கு மருந்து நிலையமே கொடுக்கிறது. விளையாட்டு டீச்சருக்குச் சிறந்த ஆசிரியை விருது. பக்கத்து மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வண்டி பிடித்து வந்து, பெண் பிள்ளைகள் நொண்டுவதை மதில் மேலிருந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நான் தினமும் ஐந்தரைக்கு ரொட்டிக் கடைக்குப் போகிறேன். வேலையாக இல்லை, கருகின பன்னுக்காக. முக்காலி எனக்கென்றே கிடக்கிறது. பன்னுவின் கால் கூடிவிட்டது. பழையபடி தட்டைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படியும் பறக்கிறாள், ஒரு பன் உருளுவதில்லை. மணிக்கட்டில் பட்டை அசையாமல், பச்சை விளக்கோடு, ஓய்வு ஓய்வு என்று எழுதிக்கொண்டு வருகிறது. அதை அவள் பொருட்படுத்துவதில்லை.

கடைசித் தட்டை இறக்கி வைக்கிறாள். கை கழுவுகிறாள், பையை மாட்டுகிறாள். கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்த ஊன்றுகோல்களை எடுத்துக் கக்கத்தில் கொடுத்துக்கொள்கிறாள்.

வாசற்படி தாண்டியதும் நொண்ட ஆரம்பிக்கிறாள்.